யார் யாருடைய மொழியைக் கற்பது?

நரம்புச் சிலந்திக்கு மருந்து கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பூசியும் இல்லை. குளத்திலோ படிக்கிணற்றிலோ மொண்ட தண்ணீரை அப்படியே குடித்தவரின் உடம்புக்குள் அது போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு எந்த அறிகுறியும் காட்டாமல் வளர்கிறது. பிறகு பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளம் கிளம்பி உடைந்து, ஒரு மீட்டர் வரை நீளக்கூடிய வெள்ளைப் புழுவாகத் தலை நீட்டுகிறது. அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில அங்குலம் என்று, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைத்தால் போதும், புழு தன் குஞ்சுகளை நீரில் கொட்டிவிடும். அந்த நீரைக் குடிக்கிறவர்களுக்கு அடுத்த ஆண்டு அதே கொப்புளம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லிமலையில் இது பழகிப்போன நோய். இதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது: பேசுவது. கிணற்றுக்குள் இறங்காதீர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்வது. சொல்வது எளிது, நம்ப வைப்பது கடினம். இன்றைக்குக் காலில் வெடித்திருக்கும் புண்ணுக்குக் காரணம் போன வருஷம் குடித்த தண்ணீர் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அதுவும் சொல்பவர் வெள்ளைக்காரராக இருந்தால்?

அப்படிச் சொல்ல வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டடத் தொழில் தெரிந்தவர், மருத்துவத்தில் சுருக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர். 1913-இல் அவரும் எவ்லினும் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் திருமணம் முடித்துக்கொண்டு மலையேறினார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று நாம் பார்க்கும் சாலை அப்போது கிடையாது. அவர்கள் போனது மதத்தைப் பரப்ப. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலைக்காரர்கள் அவர்களுடைய சமயத்துக்குப் பல ஆண்டுகள் காது கொடுக்கவில்லை, மருத்துவத்துக்குக் கொடுத்தார்கள். பல் பிடுங்குவது, புண் கட்டுவது, புழுவை இழுப்பது, கிணற்றடியில் நின்று விளக்குவது என்று அந்தத் தம்பதியின் நாள்கள் போயின. எல்லாம் தமிழில். 1914-இல் பிறந்த அவர்கள் மகன் பால், அப்பா குச்சியில் புழு சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தார். பின்னாளில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகறிந்த பெயரான டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

இரண்டாவது மொழி கற்றால் அன்றாட வாழ்வில் என்ன பயன் என்ற கேள்விக்கு விடை தேட, நான் இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பத்திரிகைகள் மூளைக்குள் போய்விடுகின்றன. ஞாபகசக்தி கூடும், கவனம் கூர்மையாகும், மறதிநோய் தள்ளிப்போகும் என்கின்றன. அவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

மறதிநோய் பற்றிய ஆய்வுகளில் நமக்கு மிக நெருக்கமானது ஐதராபாத்தில் நடந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் தலைகாட்டியது ஒரு மொழி பேசியவர்களைவிடச் சராசரியாக நாலரை ஆண்டு கழித்து. கனடாவின் டொரன்டோவில் 2007-இல் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் கண்டதும் ஏறக்குறைய இதே இடைவெளிதான். ஆனால் அங்கே இருமொழியாளர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் என்பதால், வித்தியாசம் மொழியால் வந்ததா, குடியேற்றத்தால் வந்ததா என்ற சந்தேகம் இருந்தது. ஐதராபாத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தெலுங்கும் தக்கினி உருதுவும் இந்தியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. இன்னொன்று, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே வித்தியாசம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தின் பலனை மொழியின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று இதைத் தள்ள முடியாது. மூன்றாவது, நான்காவது மொழியால் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதே குழு 2016-இல் பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்தபோது, சிந்தனைத் திறன் கெடாமல் மீண்டவர்கள் இருமொழியாளர்களில் நூற்றுக்கு 40 பேர், ஒருமொழியாளர்களில் 20 பேர்.

மறுபக்கமும் இருக்கிறது. நோய் வந்தபிறகு பின்னோக்கிப் பார்க்காமல், நலமாக இருப்பவர்களைப் பல ஆண்டு முன்னோக்கித் தொடர்ந்து போன ஆய்வுகளில் இந்தப் பாதுகாப்பு தெளிவாகத் தெரியவில்லை. இருமொழியாளர்களுக்குக் கவனமும் தன்கட்டுப்பாடும் கூடுதல் என்ற கூற்று இன்னும் பலவீனமானது. பெரியவர்களிடம் நடந்த 152 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மினா லெஹ்டோனன் குழுவினர் 2018-இல் கணக்கிட்டார்கள். நல்ல முடிவு வந்தால் மட்டும் வெளியிடும் வழக்கத்தால் நேர்ந்த சாய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்தக் கூடுதல் திறன் மறைந்துபோனது. ஆகவே பிள்ளையின் மூளை கூர்மையாகும் என்று சொல்லி ஒரு தாயிடம் மொழி வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்ல என் மனம் ஒப்பாது. முதுமையில் கிடைக்கக்கூடிய நாலரை ஆண்டை ஒதுக்கவும் மாட்டேன். ஆனால் அதற்காக எவரும் மொழி கற்பதில்லை.

நான் அதிகம் மதிக்கும் ஆய்வு, மூளையைப் பற்றிப் பேசாத ஒன்று. 2015-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளோடு ஒரு விளையாட்டு நடத்தினார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் நடுவே அறை அறையாகத் தடுத்த ஒரு பலகை. சில அறைகள் பெரியவர் பக்கம் அடைக்கப்பட்டிருக்கும். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று பொம்மைக் கார்கள். ஆகச் சின்னது குழந்தைக்கு மட்டும்தான் தெரியும். பெரியவர் சொல்கிறார்: "அந்தச் சின்னக் காரை நகர்த்து." குழந்தை எதை எடுக்க வேண்டும்? தன் கண்ணுக்குச் சின்னதை எடுத்தால் தவறு. எதிரில் இருப்பவர் அதைப் பார்க்கவில்லை, அவர் சொல்வது நடுவில் இருக்கும் காரைத்தான் என்று புரிந்து எடுக்க வேண்டும். ஒரே மொழி கேட்டு வளர்ந்த குழந்தைகள் பாதிக்குப் பாதிதான் சரியாக எடுத்தார்கள். இருமொழிக் குழந்தைகள் நான்கில் மூன்று முறை சரியாக எடுத்தார்கள். வியப்பு அடுத்ததில் இருக்கிறது. இன்னொரு மொழியைப் பேசத் தெரியாமல், வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அது புழங்குவதைக் கேட்டு மட்டும் வளர்ந்த குழந்தைகளும் அதே நான்கில் மூன்றுதான். யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள், யாருக்கு எது புரியும், எது புரியாது என்று கவனித்துக்கொண்டே வளரும் பிள்ளை, எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து பார்க்கப் பழகிவிடுகிறது.

கொல்லிமலைக் கிணற்றடியில் தேவைப்பட்ட திறன் இதுதான். நரம்புச் சிலந்தியின் வாழ்க்கைச் சுழற்சியை ஜெஸ்ஸி தன் புத்தகத்தில் படித்த வரிசையில் சொல்லியிருந்தால் யாருக்கும் ஏறியிருக்காது. கேட்பவருக்கு எது தெரியும், எதைச் சாமி குற்றம் என்று நினைக்கிறார், எந்தக் கிணற்றை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை என்பதெல்லாம் பேச்சினூடேதான் தெரியவரும். மொழி கற்றவருக்கு முதலில் கிடைக்கும் பலன் பேசுவதல்ல, சரியான கேள்வியைக் கேட்பது.

மகனிடம் இதையே பார்க்கலாம். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பால், 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் தந்தை இறந்தபோது அருகில் இல்லை. 1946-இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செயலற்றது என்று எல்லோரும் நினைத்த கை, நகம் பதிய இறுக்கிப் பிடித்தது. தன் பிடி எதிராளியை நோகடிக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியவில்லை. தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. பால் அதை ஏற்காமல், ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று நோயாளிகளோடு சேர்ந்து தேடத் தொடங்கினார். வேலூரில் துருப்பிடித்த ஒரு பூட்டைத் தன்னால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்ததையும், அவனுக்கு அது தெரியவே இல்லை என்பதையும் பின்னாளில் எழுதியிருக்கிறார். சூடான பாத்திரம், செருப்பில் நீட்டிய ஆணி, இரவில் கடித்த எலி என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வலி உணர்வு போய்விட்டதே கேடுகளின் வேர் என்ற முடிவு உலகெங்கும் தொழுநோய்ப் பராமரிப்பையே மாற்றியது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பிலும் அது பின்னர் பயன்பட்டது.

இதில் கைத்திறன் எவ்வளவு, மொழி எவ்வளவு என்று பிரித்து நிறுக்க முடியாது. ஆனால் தென்னாற்காட்டு, வடாற்காட்டு ஏழைகள் நேற்று அடுப்படியில் என்ன செய்தார்கள், எந்தப் பானையை எதால் பிடித்து இறக்கினார்கள் என்ற கேள்விகளிலிருந்து பிறந்த மருத்துவம் இது. கொல்லிமலைச் சிறுவர்களோடு மரமேறி வளர்ந்த ஒருவர் அதைக் கேட்டதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பயன் கற்பவருக்கு மட்டுமல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலுவுள்ளவர் வலுவில்லாதவரின் மொழியைக் கற்றபோது இத்தனை விளைந்தது. உலக வழக்கமோ தலைகீழானது. கற்கும் சுமை எப்போதும் வலுவில்லாதவர் தலையில்தான்.

கொல்லிமலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழி என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அவர்கள் பேசுவது தமிழின் ஒரு கிளைவழக்கு. அதை முறையாக ஆராய்ந்து கி. கருணாகரன் எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. சந்தையில் மிளகோ பலாவோ விற்கும்போது சமவெளி வியாபாரியிடம் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ், பிள்ளையின் பள்ளியில் பாடப்புத்தகத் தமிழ், அதன்மேல் ஆங்கிலம் என்று இவர்கள் நாளெல்லாம் மாறி மாறிப் பேசுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியரில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டாவது மொழி தெரியும் என்கிறது. அந்தக் கணக்கில் கொல்லிமலையின் வளப்பூர்நாட்டு விவசாயி ஒருமொழியாளர்தான். வீட்டு மொழி தமிழ், பள்ளி மொழியும் தமிழ் என்று எழுதியாகிவிட்டது. அவர் கடக்கும் தூரம் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

ஏறாததால் என்ன கெட்டுவிட்டது? ஒடிசாவைப் பார்த்தால் தெரியும். உளவியலாளர் அஜித் மொகந்தி அங்குள்ள கந்தர் பழங்குடியினரிடையே நீண்ட காலம் ஆய்வு செய்தார். சில பகுதிகளில் அவர்கள் குயி மொழியையும் ஒடியாவையும் பேசுகிறார்கள். சில பகுதிகளில் குயியை இழந்து ஒடியா மட்டும் பேசுகிறார்கள். ஒரே இனம், ஒரே வாழ்க்கைமுறை, ஒரே வறுமை. மொழி ஒன்றுதான் வேறுபாடு. இரண்டும் பேசிய குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளிலும், மொழியைப் பற்றியே யோசிக்கும் திறனிலும் முன்னே நின்றார்கள். வீட்டு மொழியை விட்டால்தான் பிள்ளை முன்னேறும் என்ற நம்பிக்கையை இதைவிட நேராக மறுத்த இந்திய ஆய்வு ஒன்றை நான் அறியேன். பின்னர் ஒடிசா அரசு பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. குயி தனி மொழி என்பதால் அதற்கு ஒரு பாடப்புத்தகம் கிடைத்தது. கொல்லிமலைப் பேச்சு தமிழேதான் என்பதால் அதன் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் திருத்தம் மட்டுமே. வகுப்பில் நான்கு முறை உச்சரிப்பு திருத்தப்பட்ட பிள்ளை ஐந்தாம் முறை கையைத் தூக்காது.

மருத்துவமனையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் கிளென் புளோரஸ் என்ற குழந்தை மருத்துவர், ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் மருத்துவரைப் பார்த்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து 2003-இல் வெளியிட்டார். மொழிபெயர்த்ததில் மட்டும் 396 பிழைகள், ஒரு சந்திப்புக்குச் சராசரி 31. பாதிக்கு மேல் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மொழிபெயர்த்தவர்களில் நோயாளிக் குழந்தையின் 11 வயது உடன்பிறப்பும் இருந்தது. அங்காவது ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மலையிலிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ வரும் ஒரு மூதாட்டிக்கு அப்படி யாரும் யோசிப்பதில்லை, அவரும் தமிழ்தானே பேசுகிறார். "எரியுதா, குத்துதா, இழுத்துப் பிடிக்குதா?" என்று மருத்துவர் வேகமாகக் கேட்க, மூன்றுக்கும் "ஆமாங்க" என்று பதில் வரும். மரியாதைக்குச் சொன்ன அந்த "ஆமாங்க" நோய்க்குறிப்பில் ஏறிவிடும். வரிசை நீண்டது, மருத்துவருக்கு நேரமில்லை. அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் இன்னொரு கேள்வி கேட்கலாமே என்று தோன்றுவதற்கு, எதிரில் இருப்பவர் பேசுவது தன் தமிழ் அல்ல என்பது முதலில் உறைக்க வேண்டும்.

மலையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 1988-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தொண்ணூறுகளிலிருந்து கொல்லிமலைச் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. சமவெளிக்காரருக்குச் சாமை என்றால் சாமை. மலைப் பெண்களுக்கு அது கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பல. எது எத்தனை மாதத்தில் விளையும், எது மேட்டு நிலத்தில் தாங்கும், எதை எதோடு கலந்து விதைக்கலாம் என்ற அறிவு அந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரவள்ளி வந்து சாமை வயல்களை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு எழுதியதால்தான் விதைகளில் ஒரு பகுதியாவது தப்பியது.

ஆள்பவர்கள் இதை ஒரு காலத்தில் அறிந்திருந்தார்கள், தங்கள் நலனுக்காகவேனும். கிழக்கிந்தியக் கம்பெனி 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கி, இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பித்தது. உள்ளூர் அறிஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது, தேர்ச்சி பெற்ற அதிகாரிக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1816-இல் நிறுவியது அந்தக் கல்லூரிச் சூழலில்தான். இன்றும் முசூரியில் பயிற்சி பெறும் ஆட்சிப்பணி அதிகாரிகள் தாங்கள் போகப்போகும் மாநிலத்தின் மொழியைப் படிக்கிறார்கள். மைசூரில் உள்ள தென்மண்டல மொழி மையம் பிற மாநில ஆசிரியர்களுக்குப் பத்து மாதத்தில் தமிழ் கற்றுத் தருகிறது. பஞ்சாபிலிருந்து வருபவர் தமிழ் கற்க வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. திருச்செங்கோட்டிலிருந்து மலைக்கு மாற்றலாகிப் போகும் செவிலியரும் ஆசிரியரும் எதையாவது கற்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

எவ்லின் பிராண்டின் கடைசி ஆண்டுகளை இந்த இடத்தில் நினைக்கிறேன். எழுபதை நெருங்கிய வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் தன் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பினார். கொல்லியிலும் சுற்றியுள்ள மலைகளிலும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1974-இல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கணவர் அடங்கிய மலையிலேயே அடக்கமானார். நோயாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பேச அவருக்கு வாய்த்தது. அரசு ஊழியருக்கு அது வாய்க்காது. ஆனால் இரண்டு வாரம் வாய்க்கும்.

நான் கேட்பது அந்த இரண்டு வாரத்தைத்தான். மலை ஒன்றியத்தில் புதிதாகப் பணியேற்கும் மருத்துவர், செவிலியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும், வேலையில் சேர்வதற்கு முன் கொல்லிமலையின் செம்மேட்டில் ஒரு மொழிப் பயிற்சி. கருணாகரனின் நூல் ஒரு நல்ல தொடக்கம். ஐம்பது ஆண்டுகளில் பேச்சு மாறியிருக்கும் என்பதால் புதிதாகவும் கேட்டு எழுத வேண்டும். உடம்பின் உறுப்புகள், வலியின் வகைகள், பேறுகாலம், காய்ச்சல், குழந்தையின் அழுகை, பயிர், உறவுமுறை என்று ஒரு கைந்நூல் போதும் தொடங்க. கற்பிக்க மலைப் பெண்களே வர வேண்டும், குறிப்பாகப் பேறுகாலம் பார்த்துப் பழகிய மூத்தவர்கள். அவர்களுக்கு நாள்கூலியாக அல்லாமல், கோட்டைக் கல்லூரி தன் ஆசிரியர்களுக்குக் கொடுத்ததுபோல் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். பயிற்சி முடிவில் அதிகாரி எழுதும் தேர்வுக்கு மதிப்பெண் போடும் உரிமையும் அந்தப் பெண்களிடமே இருக்கட்டும்.